குருவி லாகின் செய்திருந்த ஞாயிற்றுக்கிழமை

இது நடந்தது. நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நடந்தது எனக்கு அல்ல, என் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவளுக்கு. யார் பெயரையும் போடக் கூடாது, எந்த ஆஸ்பத்திரி என்று வாயைத் திறக்கக் கூடாது என்று இரண்டு நிபந்தனை போட்டுத்தான் எழுத விட்டாள். நேரங்களை மட்டும் அவளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அதில் ஒரு நிமிஷத்தைக்கூட நான் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

பேய் என்றாலே நடுராத்திரி, நாய் ஊளை, மின்வெட்டு என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றம்தான். இது பட்டப்பகலில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கரண்ட் ஒரு தடவைகூடப் போகவில்லை.

அவளை நாங்கள் ஒட்டடை என்று கூப்பிடுவோம். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று போனால் மேஜைக்கு அடியில் புகுந்து, தலை நிறைய ஒட்டடையோடு வெளியே வருகிறவள். அதற்காகக் கோபப்பட்டதே இல்லை. "கூப்பிட்டா வந்துட்டுத்தானே இருக்கேன்" என்பாள்.

அவளுக்கு ஒரே தம்பி. இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருஷம். வாரத்தில் மூன்று நாள் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். கையில் ஊசி குத்த இடமில்லாமல் போய், கழுத்துக்கு வந்து, கழுத்திலும் அடைத்துக்கொண்டது. அக்காவுடைய சிறுநீரகம் பொருந்தவில்லை. இனி இரண்டு மூன்று மாசம்தான் தள்ள முடியும் என்று டாக்டர் சொன்ன நாளில்கூட அவள் அழவில்லை. மரத்துப்போய்விட்டாள், அவ்வளவுதான். நாங்கள் ஜோக் அடித்தால் சரியான இடத்தில் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் முகத்தில் ஒன்றும் இருக்காது.

அந்த ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகம் கிடைக்கும் போலிருக்கிறது, ஐந்து நோயாளிகளை வரச் சொல்லியிருக்கிறோம், யாருக்குப் பொருந்துகிறதோ அவருக்கு வைப்போம் என்றார்கள். தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் வார்டில் படுக்க வைத்தாள். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

12:40-க்கு எங்கள் மேனேஜர் அவளுக்குப் போன் செய்தார்.

"எங்கம்மா இருக்க?"

"ஆஸ்பத்திரியில சார். தம்பியோட."

"எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னாள்.

"அடடே, நல்லதாப் போச்சு!" என்றார் மனுஷன். பிறகு அவருக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியிருக்க வேண்டும். "அதாவது... அங்க லேப்ல ஒரு மெஷின் படுத்துடுச்சாம். ரொம்ப அவசரமாம். கொஞ்சம் பாத்துடேன்."

லேப் பொறுப்பாளர் ஒரு அம்மாள். எல்லாரும் மேடம் என்பார்கள். இரண்டு நாள் தூங்காத முகம். நடந்துகொண்டே சொன்னார். யாருக்கு யாருடைய உறுப்பு பொருந்தும் என்று கணக்குப் போடும் பழைய மெஷின் வியாழக்கிழமை செத்துவிட்டது. புதியதில் லினக்ஸ் என்ற அடிப்படை மென்பொருள் மட்டும் ஏற்றியிருக்கிறது. லேப் புரோகிராம் ஓடுவதற்கு ஜாவா என்ற இன்னொரு மென்பொருளும் வேண்டும், அதை இன்னும் ஏற்றவில்லை. நோயாளிகளின் விவரம் இருப்பதால் அந்த மெஷினுக்கு இன்டர்நெட் கிடையாது. பென் டிரைவில் கொண்டு போய்க் கையால்தான் நிறுவ வேண்டும்.

"உங்க சிஸ்டம் ஆள் எங்க மேடம்?"

"லீவுல இருக்கார்." மேடம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மெஷின் இல்லாம, நீங்களே பாத்துச் சொல்ல முடியாதா?"

"எட்டு மணி நேரம் ஆகும். டோனருக்கு பிரஷர் இறங்கிட்டே வருது. மூணு மணிக்குள்ள ரிசல்ட் வரலைன்னா அந்தக் கிட்னி யாருக்கும் உதவாது."

அந்த ஐந்து பேரில் ஒருவன் என் தம்பி என்று ஒட்டடை சொல்லவில்லை. சொன்னால் அந்த அறைக்குள் விட மாட்டார்கள்.

1:08. அறை கீழ்த்தளத்தில், இரும்பு அலமாரிகளைத் தாண்டி, நடைபாதையின் கடைசியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு, உறுமிக்கொண்டிருக்கும் ஒரு ஏ.சி. பூட்டை மேடமே திறந்தார். வெள்ளிக்கிழமை பூட்டியதாம்.

மானிட்டர் எரிந்துகொண்டிருந்தது.

இது உங்களுக்குச் சாதாரணமாகத் தெரியும். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு உறுத்தும். பத்து நிமிஷம் யாரும் விசையைத் தொடாவிட்டால் அந்தத் திரை கருப்பாகிவிடும். இரண்டு நாள் பூட்டிக் கிடந்த அறையில் அது எரியக் கூடாது.

"யாராவது வந்தாங்களா மேடம்?"

"சாவி என்கிட்டதான் இருக்கு."

பாஸ்வேர்டு எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டாள். மேடம் மாடிக்குப் போய்விட்டார். வேறு நாளாக இருந்தால் ஒரு நிமிஷம் யோசித்திருப்பேன், அன்னிக்கு எதுவும் உள்ளே போகலை என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

வேலை என்னவோ பெரிய வித்தை இல்லை. ஜாவாவின் டெவலப்மென்ட் கிட் ஒரு சுருக்கப்பட்ட கோப்பாக இருக்கும். அதற்கு ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் விரித்து, இன்ன இடத்தில் இருக்கிறது என்று மெஷினுக்கு ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். கைப்பையில் சிலர் சேஃப்டி பின் வைத்திருப்பது போல ஒட்டடை நான்கைந்து பழைய ஜாவாக்களைப் பென் டிரைவில் வைத்திருப்பாள்.

1:19. ஃபோல்டர் போடச் சொல்லிக் கட்டளை அடித்தாள். 'ஏற்கெனவே இருக்கிறது' என்றது மெஷின்.

எப்போது போட்டது என்று பார்த்தாள். இன்று, 13:17.

இரண்டு நிமிஷத்துக்கு முன்னால். நான்தான் போட்டுவிட்டு மறந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். காலையிலிருந்து வாயில் ஒன்றும் போடவில்லை, மறந்திருக்கலாம்.

1:31. கோப்பு பாதியில் விரிய மறுத்தது. பிரதி எடுத்ததில் ஏதோ குறை. பையைக் கவிழ்த்து இன்னொரு பென் டிரைவைத் தேடினாள். அதில் இருந்தது. அதைப் பிரதி எடுக்கவே இருபது நிமிஷம் தின்றது.

1:52. இந்தத் தடவை ஒழுங்காக விரிந்தது. பட்டியலைப் பார்த்தாள். எல்லாக் கோப்புகளுக்கும் சொந்தக்காரர் என்ற இடத்தில் அவள் கணக்கின் பெயர் இல்லை. குருவி என்று இருந்தது.

இதற்கும் அவளிடம் விளக்கம் இருந்தது, எனக்கும் தெரிந்த விளக்கம்தான். சுருக்கும்போது பதிந்த உரிமையாளர் எண் அப்படியே வரும். அந்த எண்ணில் இங்கே யாராவது இருந்தால் அவர் பெயரைக் காட்டும். யாரோ குருவி என்று ஒரு ஆள், லீவில் போன சிஸ்டம் ஆளாக இருக்கும். சரி.

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. இப்போது மெஷினில் யார் யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்று கேட்டாள். இரண்டு வரி வந்தது.

ஒன்று அவள். முதல் திரை, 13:09 முதல்.

இன்னொன்று குருவி. இரண்டாவது திரை. 13:07 முதல்.

ஒரே லினக்ஸ் மெஷினுக்குள் ஆறு திரைகள் உண்டு. மானிட்டர் ஒன்றுதான், கீபோர்டும் ஒன்றுதான். மூன்று விசையைச் சேர்த்து அழுத்தினால் அடுத்த திரைக்குப் போகலாம். அதனால் இரண்டாவது திரையில் ஒருவர் லாகின் செய்ய வேண்டுமென்றால் இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே கீபோர்டில் அடித்திருக்க வேண்டும்.

13:07-க்கு அந்த அறை பூட்டியிருந்தது. மேடமும் அவளும் அலமாரிகளுக்கு நடுவே நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

மெஷினின் கடிகாரம் தப்பாக ஓடுகிறதோ என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நொடி பிசகில்லை.

பயப்பட வேண்டிய இடம் இது என்று புத்திக்குத் தெரிந்ததாம். உடம்புக்கு எட்டவில்லை. நேரமில்லை என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

2:05. கடைசி வரி. நாம் அடிக்கும் கட்டளைகளை எந்தெந்த ஃபோல்டரில் போய்த் தேட வேண்டும் என்று மெஷினிடம் ஒரு பட்டியல் இருக்கும். பாத் என்போம். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு, அதன் வாலில் ஜாவாவின் இடத்தைச் சேர்க்க வேண்டும். ஒட்டடை ஜாவாவின் இடத்தை எழுதினாள். பழைய பட்டியலைச் சேர்க்க மறந்தாள்.

இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரம் நாங்கள் எல்லாரும் செய்யும் தப்பு. பதினாறு வருஷ அனுபவக்காரி செய்யும் தப்பு அல்ல.

2:07. எந்தக் கட்டளை அடித்தாலும் 'அப்படி ஒன்று இல்லை' என்றது. பட்டியல் காட்டு என்றாள். இல்லை. கோப்பைத் திற என்றாள். இல்லை. மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிட்டது.

இதற்கு மாற்று உண்டு. முழு முகவரியைக் கொடுத்துக் கூப்பிட்டால் எல்லாக் கட்டளையும் வரும். அவளுக்குத் தெரியாததா? என்னிடமே நாலு தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

2:09.

2:11.

தம்பி செத்துப்போவான் என்று நினைத்தாளாம். அழுகை வரவில்லை. மழை வரும் என்று நினைப்பது போலத்தான் அதையும் நினைத்தேன் என்றாள்.

2:13.

டிக்.

கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சின்னச் சத்தம். திரையில் தானாக ஒரு வரி வந்தது.

'குருவியிடமிருந்து செய்தி. இரண்டாவது திரை. 14:13.'

கீழே, ஆங்கில எழுத்தில் தமிழ்...

'பழைய பாத்-ஐ விட்டுட்டீங்க.'

இன்னொரு டிக்.

'நீங்க உக்காருங்க. நான் போட்டுடறேன்.'

அவள் கை மடியில்தான் இருந்தது. கீபோர்டைப் பார்த்தாள். எந்த விசையும் அசையவில்லை.

மெஷினின் பின்பக்கம் கையை விட்டுத் தடவினாள். நெட்வொர்க் ஒயர் இல்லை, மாடி லேபின் திரைக்குப் போகும் தனி ஒயர் மட்டும்தான்; அது வழியாக யாரும் லாகின் செய்ய முடியாது. நெட்வொர்க் ஒயர் வரும் ஓட்டை காலியாக இருந்தது.

கதவைப் பார்த்தாள். சாத்தியிருந்தது.

2:15.

மூன்று விசையைச் சேர்த்து அழுத்தினாள். இரண்டாவது திரை வந்தது.

அவள் கெடுத்து வைத்த அதே கோப்பு திறந்திருந்தது. கர்சர் வரி வரியாக இறங்கியது. நிதானமாக... அவசரமே இல்லாமல்...

அவள் எழுதிய வரியில் நின்றது.

விட்டுப்போனது எழுத்து எழுத்தாக வந்தது.

ஒரு எழுத்து தப்பாக விழுந்தது. அழிந்தது. சரியாக விழுந்தது.

அந்த ஒரு எழுத்துத்தான் தூக்கிவாரிப் போட்டது என்றாள். தானாக ஓடும் புரோகிராம் எதுவும் எழுத்துப் பிழை செய்து திருத்தாது. அது ஒரு ஆள்.

கோப்பு மூடிக்கொண்டது.

2:18. ஜாவா எந்தப் பதிப்பு என்று அந்தத் திரையே கேட்டது. மூன்று வரி பதில் வந்தது. எல்லாம் சரி.

2:21. லேப் புரோகிராம் ஓடத் தொடங்கியது. அவள் எதையும் தொடவில்லை.

முதல் திரைக்குத் திரும்பினாள். எந்த விசை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. இப்போதுதான் முழு முகவரி கொடுக்கும் வழி நினைவுக்கு வந்தது. பதில் செய்தி அனுப்பினாள்.

'யாரு நீங்க?'

ஏ.சி. உறுமியது.

டிக்.

'மேடம்கிட்ட ஆரம்பிக்கச் சொல்லுங்க. நேரம் இல்ல.'

2:24-க்கு மேடம் போன் செய்தார்.

"வந்துடுச்சும்மா. இங்க ஸ்க்ரீன்ல வந்துடுச்சு. எப்படிம்மா பண்ணின?"

"ஆயிடுச்சு மேடம்" என்றாள்.

எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, அந்த அறையைப் பார்க்காமல் வெளியே வந்தாள். கதவைச் சாத்தியபோது உள்ளே மானிட்டர் எரிந்துகொண்டுதான் இருந்தது.

2:58-க்கு முடிவு வந்தது. ஐந்து பேரில் பொருந்தியது ஒருவருக்கு. அவள் தம்பிக்கு.

அன்று சாயந்தரமே ஆபரேஷன். நள்ளிரவுக்கு முன் புதுச் சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. டாக்டர் வந்து சொன்னபோது ஒட்டடை தலையாட்டினாளாம். சந்தோஷம் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது, ஆனால் கைக்குக் கிடைக்கவில்லை என்றாள்.

கீழ்த்தள அறையைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. யாரோ வேறு வழியாக நுழைந்து வேலை செய்திருக்கிறார்கள், லீவில் இருந்தாலும் வேலையில் கண் வைத்திருக்கும் ஆள் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஒயர் இல்லாததை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

பதினாறாம் நாள், வேலை முடித்த படிவத்தில் கையெழுத்து வாங்க லேபுக்குப் போனாள். படிவத்தில் இரண்டு இடம். ஒன்று லேப் பொறுப்பாளர், ஒன்று ஆஸ்பத்திரியின் சிஸ்டம் ஆள். மேடம் தன் இடத்தில் போட்டார். இன்னொன்றைக் கோடு கிழித்து அடித்தார்.

"அவர் கையெழுத்து வேணுமே மேடம். இன்னும் லீவா?"

மேடம் பேனாவை மூடினார்.

"அன்னிக்கு லீவுன்னுதான் சொல்லச் சொன்னாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு." மேடம் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "உனக்குச் சொன்னா என்ன... வெள்ளிக்கிழமை சாயந்தரம் வீட்டு மாடிப்படியில விழுந்துட்டார். தலையில அடி. சனிக்கிழமை ராத்திரி மூளைச்சாவுன்னு எழுதிட்டாங்க. அவர் வீட்டம்மாதான் தானம் பண்ணச் சொன்னது."

"எதை மேடம்?"

"அன்னிக்கு மூணாவது மாடியில இருந்த டோனர் அவர்தாம்மா. அவரோட சாம்பிளைப் போடத்தான் அந்த மெஷினுக்காகக் காத்துக்கிட்டிருந்தோம். ஆறே முக்காலுக்குத்தான் ஆபரேஷன் தியேட்டர்ல அவருக்கு எல்லாம் முடிஞ்சுது." மேடம் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஒல்லியா இருப்பார். குருவின்னுதான் கூப்பிடுவோம்."

சிறுநீரகம் யாருக்குப் போனது என்று மேடமுக்குத் தெரியும். அது இவள் தம்பி என்று தெரியாது. ஒட்டடை அப்போதும் சொல்லவில்லை.

ஒரு நிமிஷம் மெஷினைப் பார்க்க வேண்டும் என்று சாவி கேட்டாள். மேடம் கொடுத்தார்.

அந்த மெஷின், ஒவ்வொருவரும் அடித்த கட்டளைகளை நேரத்தோடு எழுதி வைத்துக்கொள்ளும். குருவியின் பட்டியலைத் திறந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இறங்கினாள்.

13:17, ஃபோல்டர் போட்டது.

14:13, செய்தி அனுப்பியது.

14:15, கோப்பைத் திருத்தியது.

14:21, லேப் புரோகிராமைத் தொடங்கியது.

அத்தோடு முடியவில்லை.

14:59, ஒரு நோயாளியின் விவரக் கோப்பைத் திறந்து படித்தது. கோப்புகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். 4417.

15:20, மறுபடியும் 4417.

15:43, 4417.

16:10...

நின்றபடியே எண்ணினாள். பதினோரு தடவை. வேறு எந்த நோயாளியின் கோப்பையும் திறக்கவில்லை. கடைசித் தடவை 18:42. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

4417 என்ற எண்ணை அவள் தேடிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மூன்று வருஷமாக ஒவ்வொரு சீட்டிலும், ஒவ்வொரு பாட்டிலிலும், தம்பியின் மணிக்கட்டுப் பட்டையிலும் அவள் பார்த்துப் பழகிய எண் அது.